மாட்டுச் சாணத்தில் பூஞ்சை வகுப்புகள்: ஓர் ஈரக்கிண்ணச் சோதனையின் குறிப்புகள்

பூஞ்சைகளைச் சைகோமைசீட்டுகள், ஆஸ்கோமைசீட்டுகள், பசிடியோமைசீட்டுகள், டியூட்டிரோமைசீட்டுகள் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘குறுக்குச் சுவர் இல்லை’, ‘எட்டு வித்துகள்’, ‘நான்கு வித்துகள்’ என்று எழுதிய அட்டவணையைப் பதினோராம் வகுப்பில் உயிரியல் படித்தவர்கள் ஒருமுறையாவது மனப்பாடம் செய்திருப்போம். அந்த அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் வித்தை உண்டாக்கும் ஓர் உறுப்பும், அதை வெளியே அனுப்பும் ஒரு முறையும் இருக்கின்றன என்பதும், வகுப்புகளைப் பிரித்தவர்கள் பார்த்தது அவற்றைத்தான் என்பதும் நுண்ணோக்கியில் கண்ட பிறகே மனத்தில் பதிகின்றன. அந்த நான்கையும் ஒரே கிண்ணத்தில் பார்க்கும் வழி ஒன்று தாவரவியல் ஆய்வகங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. மேய்ச்சல் கால்நடையின் சாணத்தை ஈரம் காயாமல் மூடிவைத்து, அதில் அடுத்தடுத்து எழும் பூஞ்சைகளைக் கவனிப்பதே அது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு வீட்டுத் திண்ணையில் இதைச் செய்து பார்த்தேன். மற்றவர்களும் செய்து பார்க்க உதவும் என்பதால் குறிப்புகளை விரிவாகவே எழுதுகிறேன்.

சாணத்தின் சிறப்பு என்னவென்றால், அது ஏற்கெனவே விதைக்கப்பட்டதாகவே நம் கைக்கு வருகிறது. புல்லில் ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்துகளை மாடு புல்லோடு சேர்த்து விழுங்குகிறது. தடித்த சுவர் கொண்ட அந்த வித்துகள் குடலில் செரிக்காமல் தப்பிவிடுகின்றன. அதுமட்டுமின்றி, அவற்றில் பலவற்றுக்கு உடலின் வெப்பமும் செரிமான நீர்களும்தான் உறக்கத்தைக் கலைக்கும் தூண்டுதல். அகர் என்ற வளர்ப்புக் கூழைக் காய்ச்ச வேண்டியதில்லை, குக்கரில் வைத்துக் கிருமி நீக்க வேண்டியதில்லை, வித்து தேடி அலைய வேண்டியதுமில்லை. ஆனால் எந்தச் சாணம் என்பது முக்கியம். கொட்டிலிலேயே கட்டிக்கிடந்து தவிடும் புண்ணாக்கும் தின்னும் மாட்டின் சாணத்தில் இவ்வளவு வகை வராது. புல்வெளியில் மேய்ந்த மாடோ ஆடோ வேண்டும். அண்மையில் குடற்புழு மருந்து கொடுக்கப்படாததாக இருப்பது இன்னும் நல்லது, ஏனெனில் சாணத்தில் வாழும் நூற்புழுக்களும் இந்தக் கதையில் வருகின்றன.

குளத்துப் புறம்போக்கில் ஆடு மேய்க்கும் அக்காவிடம் புழுக்கை கேட்டபோது, “உரத்துக்கா தம்பி? இத்துனூண்டு எந்த மூலைக்குப் பத்தும்?” என்று கேட்டார். பூஞ்சணம் வளர்த்துப் பார்க்கப் போகிறேன் என்றதும், “அதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா? மழ பெஞ்ச மறுநா பட்டிக்குள்ள வந்து பாருங்க, புழுக்கை மேலயெல்லாம் வெள்ளை வெள்ளையா முளைச்சு நிக்கும், தொட்டா அமுங்கிப்போயிரும்” என்றார். அவர் சொன்னது மியூகர். கிண்ணத்தில் முதலில் எழப்போகும் பூஞ்சையின் அடையாளத்தை, தொட்டால் அமுங்கும் என்பது உட்பட, அவர் சரியாகவே சொல்லிவிட்டார்.

ஏற்பாடு எளியது. அகன்ற கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் சில மடிப்பு டிஷ்யூ காகிதத்தை விரித்து, கொதிக்கவைத்து ஆறிய நீரால் நனைத்து, அதன்மேல் உள்ளங்கை அளவு சாணத்துண்டையும் சில புழுக்கைகளையும் ஒன்றையொன்று தொடாமல் வைத்தேன். மேலே கண்ணாடித் தட்டு. காற்று சிறிது புகும் அளவுக்கு ஓரத்தில் ஒரு தீக்குச்சியை இடைவெளியாக வைத்தால் போதும். காகிதம் நனைந்திருக்க வேண்டும், நீர் தேங்கக் கூடாது. தேங்கினால் பாக்டீரியாக்கள் பெருகிப் பூஞ்சைகளை அமுக்கிவிடும். நேர் வெயில் படாத, ஆனால் வெளிச்சம் வரும் ஜன்னலோரம் ஏற்ற இடம். வெளிச்சம் கட்டாயம் வேண்டும் என்பதற்கான காரணம் பின்னால் வரும். கிண்ணத்தைச் சமையலறையில் வைக்கக் கூடாது. திறக்கும்போது முகக்கவசம் அணிய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் இதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் வித்துகள் நுரையீரலில் தங்கி நோய் உண்டாக்கக்கூடியவை.

பார்ப்பதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸும், மாணவர்கள் பயன்படுத்தும் சாதாரணக் கூட்டு நுண்ணோக்கியும் போதும். சாயத்துக்கு லாக்டோபீனால் காட்டன் புளூ. அதில் பீனால் இருப்பதால் தோலில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த பூஞ்சையை நேரே சாயத்தில் வைத்தால் காற்றுக் குமிழிகள் சூழ்ந்துகொள்ளும். முதலில் ஒரு துளி ஸ்பிரிட் விட்டு அது ஆவியாகும் தறுவாயில் சாயத்தைச் சேர்த்தால் குமிழிகள் நீங்கிவிடும்.

முதலில் வருபவை

முதல் சில நாள்களிலேயே சாணத்தின் மேற்பரப்பு முழுவதும் நுண்ணிய வெண்ணிற இழைகள் எழுந்து, அவற்றின் நுனியில் ஊசித்தலையைவிடச் சிறிய உருண்டைகள் தோன்றிக் கறுத்தன. மியூகர்தான். ஊசிமுனையால் சில இழைகளை எடுத்து, நீரில் மட்டும் வைத்து நானூறு மடங்கில் பார்த்தால், சைகோமைசீட் என்ற வகுப்பின் முதல் அடையாளம் உடனே புலப்படும். இழை அகலமானது, பத்து மைக்ரானுக்கு மேல். எவ்வளவு தூரம் தொடர்ந்து நகர்த்திப் பார்த்தாலும் குறுக்குச் சுவர் தென்படாது. சாயம் இடாமல் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், உயிருள்ள இழைக்குள் புரோட்டோபிளாசத் துகள்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கித் தடையின்றி ஓடுவதை அப்போதுதான் காண முடியும். எண்ணற்ற உட்கருக்கள் ஒரே நீண்ட குழாயில் பொதுவாக வாழ்கின்றன. இந்த அமைப்புதான் இவ்வகுப்பின் வேகத்துக்கும் காரணம், பலவீனத்துக்கும் காரணம். சுவர் கட்டும் வேலை இல்லாததால் உணவும் உட்கருவும் நுனிக்கு விரைந்து செல்கின்றன. ஆனால் இழையை ஓரிடத்தில் நறுக்கினால் உள்ளிருப்பது வெகுதூரம்வரை வெளியேறிவிடும்.

உருண்டைத் தலைதான் ஸ்போராஞ்சியம். வித்துகள் அதன் உள்ளே உண்டாகின்றன என்பதை, மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பை மெல்ல அழுத்திப் பார்க்கலாம். மெல்லிய சுவர் கிழிந்து நூற்றுக்கணக்கான வித்துகள் வெளியே சிதற, காம்பின் நுனியில் காலுமெல்லா என்ற குமிழ் மட்டும் எஞ்சி நிற்கும். ரொட்டியில் வளரும் ரைசோபஸ் ஸ்டோலோனிஃபரில் இந்தக் குமிழ் காய்ந்ததும் விரித்த குடையாகக் கவிழ்ந்துகொள்ளும். அதன் இழைகள் கிடையாகப் படர்ந்து, இடையிடையே வேர் போன்ற ரைசாய்டுகளை ஊன்றி, ரைசாய்டுகளுக்கு நேர் மேலே ஸ்போராஞ்சியக் காம்புகளைக் கொத்தாக நிறுத்தும். மியூகரில் ரைசாய்டு இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு இனி குழப்பம் வராது.

வகுப்புக்குப் பெயர் தந்த சைகோஸ்போரைக் கிண்ணத்தில் காண்பது அரிது. இரண்டு இழைகளின் நுனிகள் சந்தித்து, இடைச்சுவர் கரைந்து, உட்கருக்கள் கலந்து, கறுத்துத் தடித்த சொரசொரப்பான சுவருடன் உருவாகும் ஓய்வு வித்து அது. மியூகர், ரைசோபஸ் ஆகியவற்றின் பெரும்பாலான இனங்களில் பிளஸ், மைனஸ் எனப்படும் இருவேறு வகைகள் சந்தித்தால்தான் அது உருவாகும் என்பதை அமெரிக்கத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ 1904இல் கண்டறிந்தார். ஒரே வித்திலிருந்து பரவிய ரொட்டிப் பூஞ்சணத்தில் எவ்வளவு தேடினாலும் சைகோஸ்போர் கிடைக்காததன் காரணம் இதுவே.

மியூகர் தணியத் தொடங்கியபோது பைலோபோலஸ் எழுந்தது. இந்தச் சோதனையில் ஒரே ஒரு பூஞ்சையை மட்டும் பார்க்க நேரம் இருப்பவர் இதைப் பார்க்க வேண்டும். சாணத்திலிருந்து அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் ததும்பும் ஒளிபுகும் காம்பு. அதன் மேற்புறம் நீள்வட்டமாகப் பருத்து, அப்பருமனின் உச்சியில் தட்டையான கறுப்புத் தொப்பியாக ஸ்போராஞ்சியம். பருமனின் அடியில் ஆரஞ்சு நிற வளையம். அது கரோட்டினாய்டு நிறமி. பருத்த பகுதி லென்ஸாகச் செயல்பட்டு வெளிச்சத்தைக் குவிக்கிறது. குவிந்த ஒளி அடியில் சீராக விழும்வரை காம்பு வளைந்துகொண்டே இருந்து, வெளிச்சம் வரும் திசையை நேராகக் குறிவைக்கிறது. காலை ஏறியதும் உள்ளழுத்தம் தாங்காமல் பருமன் வெடிக்க, தொப்பி முழுவதுமாக இரண்டு மீட்டர்வரைகூடப் பறந்து சென்று விழும். திறந்த வெளியை நோக்கி, சாணத்தைச் சுற்றி மாடு மேயாமல் விட்டுவைக்கும் வட்டத்தைத் தாண்டி, மேயும் புல்லில் போய் ஒட்டிக்கொள்வதற்கான ஏற்பாடு இது. கன்றுகளின் நுரையீரலைத் தாக்கும் டிக்டியோகாலஸ் புழுவின் இளம்பருவம் இந்தத் தொப்பியின் மேலேறிச் சென்று புதுப் புல்லை அடைகிறது என்பதும் கால்நடை மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட செய்தி.

குறிவைப்பதைச் சோதிக்க, ஒரு கண்ணாடி ஜாடியில் பைலோபோலஸ் எழும்பிய சாணத்துண்டை வைத்து, ஜாடி முழுவதையும் கறுப்புச் சார்ட் காகிதத்தால் மூடி, ஒரு பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துளை மட்டும் விட்டேன். மறுநாள் பகலில் காகிதத்தைப் பிரித்தபோது, ஜாடியின் உட்சுவரில் துளை இருந்த இடத்தில் கறுப்புத் தொப்பிகள் நெருக்கமாகப் பதிந்திருந்தன. துளைக்கு வெளியே விழுந்தவை சில, அவையும் அதன் விளிம்பை ஒட்டியே இருந்தன. ஜன்னலோரம் வேண்டும் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். பைலோபோலஸைச் சாதாரண வளர்ப்பூடகத்தில் வளர்க்க முயல்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அதற்கு ஹீமினோ, கோப்ரோஜன் என்ற இரும்பு பிணைக்கும் சேர்மமோ தேவைப்படுகிறது, சாணத்தில் அது இயல்பாகவே கிடைக்கிறது.

சைகோமைசீட் என்ற வகுப்பு இன்றைய வகைப்பாட்டில் ஒன்றாக இல்லை. மரபணு ஒப்பீட்டின் அடிப்படையில் 2016இல் அது மியூகோரோமைகோட்டா, சூபாகோமைகோட்டா என்ற இரு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. மியூகரின் இழைகளிலேயே ஒட்டுண்ணியாக வளரும் பிப்டோசெபாலிஸ் இரண்டாவது தொகுதியைச் சேர்ந்தது. ஆக, நம் கிண்ணத்திலேயே இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கக்கூடும்.

எட்டு வித்துகள்

இரண்டாவது வாரத்தில் சாணத்தின் மேல் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில், ஓரிரு மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத் தட்டுகள் தோன்றின. கைலென்ஸில் பார்த்தால் அவற்றின் பரப்பில் கருஊதாப் புள்ளிகள் பதிந்திருக்கும். நேரம் செல்லச் செல்லப் புள்ளிகள் கூடும். இது அஸ்கோபோலஸ். புள்ளி ஒவ்வொன்றும் முதிர்ந்து மேலே நீண்டுவிட்ட ஓர் ஆஸ்கஸின், அதாவது வித்துப்பையின், நுனி. ஒரு தட்டைப் பெயர்த்தெடுத்து, ஒரு துளி நீரில் வைத்து, கவர் ஸ்லிப்பின் மேல் பென்சிலின் பின்முனையால் மெதுவாகத் தட்டினால், நீண்ட பைகள் விசிறியாகப் பிரிந்து கிடக்கும். ஒவ்வொரு பையிலும் ஊதா நிற வித்துகள் எட்டு. சுவரில் நெடுக்குவாட்டில் மெல்லிய கோடுகள். இளம் பைகளில் அவை நிறமற்றும், முதிர்ந்தவற்றில் ஊதாவாகவும், பழையவற்றில் பழுப்பாகவும் இருப்பதால் ஒரே தகட்டில் எல்லாப் பருவங்களையும் காணலாம்.

எட்டு என்ற எண்ணுக்குக் காரணம் தெளிவானது. ஆஸ்கஸில்தான் இரண்டு உட்கருக்கள் இணைகின்றன. இணைந்ததும் குன்றல் பகுப்பால் நான்காகின்றன. அடுத்து ஒரு சாதாரணப் பகுப்பால் எட்டாகின்றன. ஈஸ்ட் போன்றவற்றில் அந்தக் கடைசிப் பகுப்புக்குத் தனி வித்து கிடைப்பதில்லை என்பதால் பொதுவாக நான்கோடு நின்றுவிடும். புழுக்கைகளில் எழுந்த சார்டேரியா இந்த வரலாற்றை அப்படியே எழுதிக்காட்டும் பூஞ்சை. அதன் கனியுறுப்பு திறந்த தட்டு அல்ல. குறுகிய கழுத்துடைய கறுப்புப் புட்டி, அரை மில்லிமீட்டர் அளவு, கழுத்து ஜன்னல் பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதை நசுக்கினால் வெளிவரும் ஒடுங்கிய பைகளில் எட்டு வித்துகளும் ஒரே வரிசையில், பகுப்பு நடந்த அதே ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கும். கறுப்பு வித்துடைய வகையையும் வெளிறிய வித்துடைய வகையையும் கலக்கச் செய்தால், ஒரு பையில் நான்கு கறுப்பும் நான்கு வெளிறியதும் வரிசையாக நிற்பதைக் கண்டு, மெண்டலின் விதி ஒரே செல்லில் நிறைவேறுவதை மாணவர்களுக்குக் காட்ட முடிகிறது. மரபியல் வகுப்புகளில் சார்டேரியா விரும்பப்படுவது இதனால்தான்.

ஆஸ்கஸ் ஒரு துப்பாக்கிக் குழல். அஸ்கோபோலஸின் பை நுனியில் மூடி இருக்கிறது. உள்ளழுத்தம் உச்சத்தை அடைந்ததும் மூடி திறந்து எட்டு வித்துகளும் சேர்ந்தே வெளியே பாய்கின்றன. கண்ணாடித் தட்டின் அடிப்புறத்தை ஒரு வாரம் துடைக்காமல் விட்டு, பிறகு அதையே நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், எட்டெட்டாக ஒட்டிய கூட்டங்கள் அங்கங்கே தெரியும். இந்தச் சாணப் பூஞ்சைகளின் வீச்சை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2008இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, வித்துகள் நொடிக்கு 2 முதல் 25 மீட்டர் வேகத்தில் புறப்படுவதாக அளந்தது. பைலோபோலஸும் ஆஸ்கோமைசீட்டுகளும் வேறு வேறு உறுப்புகளைக் கொண்டு ஒரே நோக்கத்தை நிறைவேற்றுகின்றன; முன்னது வித்துப்பையையே எறிகிறது, பின்னவை பையிலிருந்து வித்தை எறிகின்றன.

இழைகளைப் பார்த்தால், மியூகரோடு ஒப்பிட மெல்லியவை. சாயம் ஏறியதும் குறுக்குச் சுவர்கள் சீரான இடைவெளியில் தெரியும். சுவரின் நடுவில் துளை உண்டு, உணவும் உட்கருவும்கூட அதன் வழியே போகும். இழை அறுபட்டால் வொரோனின் துகள் எனப்படும் சிறு உருண்டை வந்து அத்துளையை அடைத்துவிடும். மியூகர் நறுக்கப்பட்டபோது கொட்டிப்போனது இங்கே ஓரிரு செல்களோடு நின்றுவிடுகிறது.

பெயர் மட்டும் உள்ள வகுப்பு

டியூட்டிரோமைசீட்டுகளை ‘முழுமையற்ற பூஞ்சைகள்’ என்று படித்திருக்கிறோம். பாலினப் பெருக்கம் காணப்படாதவை, கொனிடியம் என்ற வெளிவித்தால் மட்டும் பெருகுபவை என்பது அதன் இலக்கணம். கிண்ணத்தில் அதற்குச் சாட்சியாக வந்தது ஆர்த்ரோபாட்ரிஸ். சாணத்திலிருந்து செங்குத்தாக எழும் மெல்லிய காம்பு, நுனியில் பேரிக்காய் வடிவக் கொனிடியங்களின் கொத்து, ஒவ்வொரு கொனிடியத்திலும் ஒரு குறுக்குச் சுவர். வித்துகள் பைக்குள் இல்லாமல் காம்பின் நுனியில் வெளிப்படையாகவே உண்டாகின்றன என்பதே ஸ்போராஞ்சியத்திலிருந்து இதைப் பிரிக்கும் அடையாளம். ஆஸ்பெர்ஜில்லஸிலும் பெனிசிலியத்திலும் கொனிடியங்கள் சங்கிலியாகக் கோத்து நிற்கும்.

இந்தப் பூஞ்சையின் இழைகள் சாணத்தின் ஈரப் படலத்தில் வளைந்து வளைந்து பின்னிய வலைகளை உண்டாக்குகின்றன. வலையின் பரப்பு ஒட்டும் தன்மையுடையது. நூற்புழு ஒன்று நெளிந்து வந்து அதில் பட்டால் விடுபட முடியாது; சிறிது நேரம் துள்ளி அடங்கிய பிறகு, பூஞ்சை அதன் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து, உடல் முழுவதும் இழைகளால் நிறைத்துவிடும். சாணத்தைக் கரைத்த நீரில் ஒரு துளியைத் தகட்டில் வைத்துப் பார்த்தபோது, உள்ளே இழைகள் நிரம்பிய ஒரு புழுவின் கூடு வலையில் மாட்டியபடியே கிடந்தது. மரக்கட்டையும் சாணமும் தரும் உணவில் நைட்ரஜன் குறைவு. அந்தக் குறையைப் புழுவிலிருந்து ஈடுசெய்துகொள்கிறது.

ஆர்த்ரோபாட்ரிஸின் பாலினப் பருவம் பின்னாளில் ஆர்பிலியா என்ற ஆஸ்கோமைசீட்டாக அடையாளம் காணப்பட்டது. டியூட்டிரோமைசீட்டுகள் என்று எண்ணப்பட்ட பெரும்பாலானவற்றின் நிலை இதுதான்: அவை ஆஸ்கஸை இழந்த அல்லது நாம் ஆஸ்கஸைக் காணாத ஆஸ்கோமைசீட்டுகள், சில, பசிடியோமைசீட்டுகள். ஒரே பூஞ்சைக்கு இரு பருவங்களுக்கும் இரு பெயர் வைக்கும் வழக்கத்தை 2011இல் மெல்போர்னில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு முடிவுக்குக் கொண்டுவந்தது. இந்த வகுப்பைத் தேர்வுக்காகப் படிக்கிறவர்கள் படிக்கட்டும். ஆனால் மற்ற மூன்றோடு சமமாக நிற்கும் இயற்கைக் குழு இது அல்ல என்பதைக் கற்பிப்பவர்கள் சொல்லித்தர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கடைசியில் வரும் காளான்

பசிடியோமைசீட்டுகள் தாமதமாகவே வந்தன. சாணத்தின் ஓரத்தில் வெண்மொட்டு ஒன்று தோன்றி, ஓர் இரவில் காம்பு நீண்டு, சாம்பல் நிறத் தொப்பி விரிந்து, அன்றைய பகலுக்குள் விளிம்பிலிருந்து கறுத்துக் கரைந்து சொட்டியது. கோப்ரினாப்சிஸ், அதாவது மைக்காளான். வைக்கோல் படுக்கையில் காளான் வளர்ப்பவர்கள் இதைக் களைக்காளானாக அறிவார்கள். தொப்பி கரைவதற்கு முன், இளம்பகலிலேயே அதன் அடியில் தொங்கும் செதிள்களில் ஒன்றை ரேசர் பிளேடால் வெட்டித் தட்டையாக வைத்துப் பார்க்க வேண்டும். பரப்பெங்கும் பசிடியங்கள் எனப்படும் வித்து தாங்கும் செல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் நான்கு குறுங்காம்புகள், காம்புக்கு ஒன்றாக நான்கு கறுப்பு வித்துகள். மேலிருந்து பார்க்கையில் நான்கு நான்காகத் தொகுத்த புள்ளிகளாகவே அவை கண்ணில் படும். வித்து உள்ளே பிறந்தால் ஆஸ்கஸ், வெளியே காம்பின்மேல் பிறந்தால் பசிடியம் என்ற வேறுபாடு இந்த ஒரு காட்சியில் முடிவாகிவிடுகிறது.

எறியும் முறையும் மாறிவிடுகிறது. வித்தின் அடியில் ஒரு நுண்ணிய நீர்த்துளி திரண்டு, வித்தின் மேற்பரப்பில் உள்ள நீர்ப்படலத்தோடு சட்டென்று கலக்கும்போது எழும் உந்தலால் வித்து காம்பைவிட்டு விலகுகிறது. இதை நுணுகி ஆராய்ந்த கனடா அறிஞர் புல்லரின் பெயரால் அது புல்லர் துளி எனப்படுகிறது. வித்து செல்லும் தூரம் மில்லிமீட்டரின் ஒரு சிறு பகுதிதான். அதற்குமேல் சென்றால் எதிர்ச் செதிளில் மோதி ஒட்டிக்கொள்ளும். செதிள்களுக்கு இடைப்பட்ட வெளிக்கு வந்ததும் கீழே விழுந்து, காற்றோடு போக வேண்டும். ஆகவே காளானுக்குக் காம்பு உயரமாகவும் தொப்பி தரைக்கு மேலேயும் இருந்தாக வேண்டும். ஆஸ்கோமைசீட் சாணத்தின் பரப்பில் ஒட்டியிருந்தே எறிய முடிந்தது. பசிடியோமைசீட் முதலில் உயரத்தைக் கட்டியாக வேண்டும்.

இழையின் அடையாளமான கிளாம்ப் இணைப்பைச் சாணத்தில் தேடுவதைவிடச் சிப்பிக்காளான் பையின் வெண்படலத்தில் தேடுவது எளிது. குறுக்குச் சுவர் இருக்கும் இடத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு வளைவுப் பாலம் தெரிந்தால் அதுவே கிளாம்ப். பசிடியோமைசீட்டில் இணைய வந்த இரு உட்கருக்கள் உடனே கலப்பதில்லை. இழையின் செல்தோறும் சோடியாகவே நீண்ட காலம் வாழ்கின்றன. செல் பிரியும்போது சோடி கலையாமல் பார்த்துக்கொள்வதே அந்தப் பாலத்தின் வேலை. உட்கருச் சோடி எவ்வளவு காலம் கலக்காமல் இருக்கிறது என்று கேட்டால் மூன்று வகுப்புகளும் தெளிவாகப் பிரிகின்றன: சைகோமைசீட்டில் சந்திப்பு நடந்த இடத்திலேயே ஒன்றுசேர்கின்றன, ஆஸ்கோமைசீட்டில் கனியுறுப்புக்குள் ஒரு சிறு காலம் சோடியாக இருக்கின்றன, பசிடியோமைசீட்டில் வாழ்வின் பெரும்பகுதி சோடியாகவே கழிகிறது. அட்டவணையில் இந்தக் கேள்விக்கு ஒரு பத்தி சேர்த்தால் மற்றப் பத்திகளில் பாதி தேவைப்படாது.

இவை ஏன் இந்த வரிசையில் வருகின்றன என்பதற்குப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. எளிய சர்க்கரையை முதலில் மியூகர் தின்றுவிடுகிறது, அடுத்துச் செல்லுலோஸை ஆஸ்கோமைசீட்டுகளும், இறுதியில் லிக்னினைப் பசிடியோமைசீட்டுகளும் தின்கின்றன என்பது அது. ஆனால் பூஞ்சை ஆய்வாளர்கள் ஹார்ப்பரும் வெப்ஸ்டரும் 1964இல் வெளியிட்ட சோதனைகள், தனித்தனியே வளர்த்தபோதும் ஒவ்வொரு பூஞ்சையும் வித்து முளைத்ததிலிருந்து கனியுறுப்பு காட்ட எடுத்துக்கொள்ளும் காலம் இதே வரிசையில்தான் அமைகிறது என்று காட்டின. எல்லாம் ஒரே சமயத்தில் வளரத் தொடங்குகின்றன. ஒற்றைக் காம்பு நிறுத்த நாள்கள் போதும், காளான் கட்ட வாரங்கள் வேண்டும். இழைகளையும் உறுப்புகளையும் பார்த்த பிறகு எனக்கு இந்த விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகிறது.

நீரில் எள் போட்டால்

பூஞ்சை என்று நெடுங்காலம் எண்ணப்பட்டு வெளியே போன ஊமைசீட்டுகள் சாணத்தில் கிடைக்கவில்லை. அவற்றுக்குக் குளத்து நீர் வேண்டும். வேகவைத்து நடுவில் பிளந்த எள்ளை, குளத்து நீர் நிரப்பிய தட்டில் மிதக்கவிட்டால், சில நாள்களில் எள்ளைச் சுற்றி வெண்கதிர்கள் விரியும். சாப்ரோலெக்னியா, ஆக்லியா போன்றவை. குறுக்குச் சுவரற்ற அகன்ற இழை என்பதால் மியூகரின் உறவு என்றே தோன்றும். நுனியில் உள்ள நீள்பையைப் பொறுமையாகக் கவனித்தால் வேறுபாடு வெளிப்படும்: அதிலிருந்து வெளியேறும் வித்துகள் நீந்துகின்றன. சாப்ரோலெக்னியாவில் அவை உடனே நீந்திச் செல்லும். ஆக்லியாவில் பையின் வாயிலேயே உருண்டையாகத் திரண்டு தங்கி, பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பும். ஒவ்வொரு நீந்துவித்துக்கும் இரண்டு கசையிழைகள். உண்மையான பூஞ்சைகளில் நீந்துபவை கைட்ரிட் குழுவினவே. அவற்றுக்கு வாலாக ஒரே கசையிழை. ஊமைசீட்டின் செல்சுவரில், பூஞ்சைகளின் சுவரில் உள்ள கைட்டினுக்குப் பதிலாகச் செல்லுலோஸும் குளுக்கனும் முதன்மையாக உள்ளன. அதன் இழையின் உட்கருக்கள் இரட்டைமயமானவை, அதாவது இரண்டு குரோமோசோம் தொகுதிகள் கொண்டவை. மரபு உறவில் அது பழுப்புப் பாசிகளுக்கும் டயாட்டம்களுக்கும் பக்கத்தில் நிற்கிறது.

இந்த வேறுபாடு வயலில் காசாக மாறுகிறது. எங்கள் பகுதியில் கத்தரி நாற்று விடும் அண்ணன் ஒருவரின் பாத்தியில் நாற்றுகள் தண்டின் அடியில் நைந்து வட்டம் வட்டமாகச் சாய்ந்தன. நாற்றழுகல். கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றியும் நிற்கவில்லை என்றார். நைந்த தண்டுகளைக் கழுவி இரவு முழுவதும் நீரில் போட்டு வைத்து மறுநாள் பார்த்தோம். நாற்றழுகலை உண்டாக்குபவற்றில் ரைசோக்டோனியா ஒரு பசிடியோமைசீட். அதன் பழுப்பு இழை செங்கோணத்தில் கிளைத்து, கிளையின் அடியில் சற்றுக் குறுகி, அதற்கு அருகிலேயே குறுக்குச் சுவர் காட்டும். நாங்கள் கண்டதோ சுவரற்ற, நிறமற்ற இழைகளும், திசுவுக்குள் தடித்த சுவருடைய உருண்டையான ஊஸ்போர்கள் என்ற ஓய்வு வித்துகளும். அது பித்தியம், ஓர் ஊமைசீட்.

கார்பென்டசிம் உண்மையான பூஞ்சைகளின் டியூபுலின் புரதத்தைப் பிடித்து உட்கருப் பகுப்பைத் தடுக்கும் மருந்து. ஊமைசீட்டின் டியூபுலினில் அது பற்றுவதில்லை. பூஞ்சைகளின் செல்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டீராலின் தயாரிப்பைத் தடுக்கும் அசோல் மருந்துகளும் இங்கே வீண், ஏனெனில் பித்தியம் எர்கோஸ்டீராலைத் தானே தயாரிப்பதில்லை. மெட்டலாக்சில் ஊமைசீட்டுகளின் ஆர்என்ஏ உருவாக்கத்தைத் தாக்குவது. அதை ரைசோக்டோனியாவுக்கு ஊற்றினால் பயனில்லை. காப்பர் ஆக்சிகுளோரைடு இரண்டு பக்கமும் வேலை செய்யும் என்பதால், லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கரைத்து, சதுர மீட்டருக்கு 4 லிட்டர் மண் நனைய ஊற்றுவது என்று முடிவு செய்தோம். நீர் தேங்கிய இடத்தில் நீந்துவித்துக்கு வழி கிடைப்பதால், மறு விதைப்புக்குப் பாத்தியை மேட்டுப்பாத்தியாக உயர்த்தி, விதையை நெருக்காமல் வரிசையில் தூவி, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைத்தார். டிரைக்கோடெர்மா கொனிடியத்தால் பெருகும் பச்சைப் பூஞ்சணம். பழைய அட்டவணைப்படி டியூட்டிரோமைசீட், இன்றைய கணக்கில் ஆஸ்கோமைசீட். பித்தியத்தின் இழையைச் சுற்றிப் படர்ந்து அதன் சுவரைக் கரைத்து உண்பது. விதைப்பில் கலக்கியதுபோக மீந்த டிரைக்கோடெர்மா தூளில் ஒரு சிட்டிகையை இப்போது வேகவைத்த சோற்றில் தூவி, அடுத்த கிண்ணத்தில் மூடி வைத்திருக்கிறேன்.